வெள்ளை முட்டையில் எத்தனை கறுப்பு?

மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போடுங்கள். ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளைக் கோழிமுட்டையை வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டால் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரும். இனி பென்சிலை எடுத்து, தெரிவதைத் தெரிகிறபடி வரைந்து பாருங்கள்.

முதல் தடவை வரைகிறவர்களின் தாளில் அநேகமாக ஒரே மாதிரிப் படம்தான் வரும். அழுத்தமான ஒரு கோடு முட்டையைச் சுற்றி ஓடும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் லேசாகச் சாம்பல் தீட்டியிருக்கும். முட்டைக்கு உருட்சியே வராது. வெட்டி ஒட்டின காகிதம் மாதிரி தட்டையாகக் கிடக்கும். "எனக்குக் கை வராது" என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். எனக்கு இது வருத்தம் தரும் விஷயம். கையெழுத்துப் போடத் தெரிந்த கைக்கு முட்டை வரையும் லாவகம் நிச்சயம் உண்டு. சிக்கல் கண்ணுக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கிறது.

அதை நேரிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். ஒரு சாம்பல் நிற அட்டையில் காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்ச் கருவியால் ஒரு துளை போடுங்கள். கையை நீட்டி அட்டையைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துளை வழியாக முட்டையின் நிழல் பக்கத்தை மட்டும் பாருங்கள். அப்புறம் அட்டையை நகர்த்தி, ஜன்னல் வெளிச்சம் நேராகப் படும்படி வைத்த, பழுப்பு அட்டை போட்ட நோட்டைப் பாருங்கள். அறை போதுமான அளவு இருட்டாக இருந்தால், துளைக்குள் முட்டை அந்த நோட்டைவிடக் கறுப்பாக இருக்கும். அட்டையை எடுத்துவிட்டால் முட்டை மறுபடி வெள்ளையாகிவிடும். இதைச் செய்து காட்டினால் யாரும் ஒரு தடவையோடு விடுவதில்லை. அட்டையை எடுத்து எடுத்து வைத்துப் பார்ப்பார்கள்.

ஒரு பொருளிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி இரண்டு விஷயங்களின் பெருக்கல்: அதன்மேல் விழும் வெளிச்சம், விழுந்ததில் அது திருப்பி அனுப்பும் பங்கு. உச்சி வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). விளக்குப் போட்ட வீட்டு அறையில் 200 லக்ஸ் இருந்தால் தாராளம். வெயிலில் உட்கார்ந்திருக்கும் காக்கை, தன்மேல் விழுவதில் நூற்றுக்கு ஐந்து பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 5,000 வருகிறது. அறைக்குள் கொடியில் தொங்கும் வெள்ளை வேட்டி நூற்றுக்கு எண்பது பங்கு அனுப்பினாலும் 160தான். அந்தக் காக்கை இந்த வேட்டியைவிட முப்பது மடங்கு அதிக ஒளியை அனுப்புகிறது! ஆனாலும் காக்கை கறுப்பு, வேட்டி வெளுப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வெளிச்சத்தின் அளவைக் கழித்துவிட்டு, பொருளின் சொந்த நிறத்தை மட்டும் மூளை நமக்குச் சொல்கிறது. பிழைத்திருக்க இது வேண்டும். பழம் பழுத்துவிட்டதா என்பது வெயிலிலும் தெரிய வேண்டும், மர நிழலிலும் தெரிய வேண்டும். வரைகிறவருக்கோ, மூளை கழித்துத் தள்ளிய அந்த மிச்சம்தான் வேண்டியிருக்கிறது.

1995-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, பார்வையை ஆராயும் எட்வர்ட் அடெல்சன் ஒரு படம் வெளியிட்டார். ஒரு சதுரங்கப் பலகை, அதன்மேல் ஓர் உருளை, உருளையின் நிழல் பலகைமேல் விழுகிறது. நிழலுக்கு வெளியே ஒரு கறுப்புக் கட்டம், நிழலுக்கு உள்ளே ஒரு வெள்ளைக் கட்டம். இரண்டும் உண்மையில் ஒரே சாம்பல். அது தெரிந்த பிறகும் கண் ஒத்துக்கொள்ளாது. அதே சாம்பலில் ஒரு பட்டையை இரண்டுக்கும் நடுவே இழுத்தால்தான் நம்பும். டிராயிங் மாஸ்டர்கள் "கண்ணைச் சுருக்கிப் பார்" என்று ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான். இமையைப் பாதி மூடினால் நுணுக்கங்கள் மங்கிப்போகும். இது முட்டை, இது தாள் என்று மூளை அடையாளம் பிடிக்கும் துப்புகள் குறையும். வெளிச்சமும் இருளும் பெரிய திட்டுகளாகப் பிரிந்து நிற்கும். அந்தத் திட்டுகளை முதலில் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, முட்டைக்கு வருவோம். அதன் வெளிச்சப் பக்கம் எப்படி மங்குகிறது?

டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் வட்டமாக வெளிச்சம் விழும். சாய்த்துப் பிடித்தால் அதே ஒளி நீளமாகப் பரவி மங்கிவிடும். முட்டை ஓட்டிலும் இதுதான் நடக்கிறது. ஜன்னலைப் பார்த்திருக்கும் இடம் முழுசாக வாங்கிக்கொள்கிறது, விலகித் திரும்பிய இடத்துக்குக் குறைவாகக் கிடைக்கிறது. ஜொஹான் ஹைன்ரிஷ் லாம்பர்ட் என்ற கணித அறிஞர் 1760-ல் இதைக் கணக்காக எழுதி வைத்தார்: திரும்பிய கோணத்தின் கொசைன் எவ்வளவோ, அவ்வளவு வெளிச்சம். 30 டிகிரி திரும்பிய இடத்தில் இன்னும் 87 சதவீதம் இருக்கிறது. 60 டிகிரியில் 50. 80 டிகிரியில் வெறும் 17. ஷேடிங் பழகுகிற ஒவ்வொருவரும் இந்த மூன்று எண்களை மனதில் வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். வெளிச்சம் படிக்கட்டு மாதிரி சீராக இறங்குவதில்லை. மொட்டைமாடி மாதிரி வெகுதூரம் ஏறக்குறைய சமமாகப் போய், ஓரத்தில் சட்டென்று சரிகிறது. நாமோ வெளிச்சம் நேராக விழும் இடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் ஏற்றிக்கொண்டு வருகிறோம். முட்டை உருள்வதற்குப் பதில் அழுக்காகிறது. ஜன்னல் அகலமான விளக்கு என்பதால் இந்தச் சரிவு கொஞ்சம் மென்மையாகும், போக்கு அதேதான்.

நிழல் பக்கத்துக்குப் போனால் இன்னொரு ஆச்சரியம். மிகக் கறுப்பான இடம் முட்டையின் கடைசி ஓரத்தில் இல்லை. வெளிச்சம் முடிகிற எல்லையை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறது. அதைத் தாண்டினால் முட்டையின் அடிவயிறு மறுபடி வெளுக்கிறது. கீழே விரித்த தாள் ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி மேல்நோக்கி அடிப்பதால் வரும் வெளுப்பு இது. தாளை உருவிவிட்டுக் கறுப்புத் துணியைப் போட்டால் அது மறைந்துவிடும். கறுப்புப் பட்டைக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்த வெளுப்பு உண்மையைவிடப் பளிச்சென்று தோன்றும். அதை நம்பி அங்கே வெள்ளையாக விட்டால் முட்டையில் ஓட்டை விழுந்த மாதிரி ஆகிவிடும். துளை அட்டையை வைத்துப் பாருங்கள், அது நல்ல சாம்பல்தான்.

இதே வெளுப்பு வானத்திலும் உண்டு. மூன்றாம் பிறை அன்று, மெல்லிய கீற்றுக்கு உள்ளே நிலாவின் மீதிப் பகுதியும் சாம்பலாகத் தெரியுமே, அங்கே தாளின் வேலையைச் செய்வது நம் பூமி. பூமியில் பட்ட சூரிய ஒளி திரும்பிப் போய் நிலாவின் இருட்டில் விழுகிறது. இதைச் சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தன் குறிப்பேட்டில் விளக்கியவர் ஓர் ஓவியர், லியோனார்டோ டாவின்சி. அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நிலாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1609-ன் நடுவில், லண்டனுக்குப் பக்கத்தில், தாமஸ் ஹாரியட் என்ற கணித மேதை தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்து வரைந்தார். வெளிச்சமும் இருளும் சந்திக்கும் எல்லை அவர் படத்தில் கோணல்மாணலாக இருக்கிறது. அந்தக் கோணலுக்கு என்ன பொருள் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் கலிலியோ பார்க்கத் தொடங்கினார். அவருடைய கருவி இன்னும் சக்தி வாய்ந்தது, உண்மைதான். ஆனால் அவருக்கு வரைகலைப் பழக்கமும் இருந்தது. இருளுக்குள் தனியாக மின்னும் புள்ளிகளைக் கண்டதும், அவை காலை வெயிலை முதலில் வாங்கும் மலை உச்சிகள் என்று அவருக்குப் புரிந்தது. எல்லையிலிருந்து அந்தப் புள்ளிகள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதை வைத்து மலைகளின் உயரத்தையே கணக்கிட்டார். 1610-ல் அவருடைய படங்கள் வெளியான பிறகு ஹாரியட் வரைந்த நிலாவிலும் பள்ளங்கள் வந்துவிட்டன. நிழலை வாசிக்கத் தெரிந்தால் பார்வையே மாறிவிடுகிறது.

அந்த வாசிப்பில் மூளைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1988-ல் இதை அழகாகக் காட்டினார். மேல்பக்கம் வெளுத்து, கீழே கறுக்கும் வட்டங்கள் புடைப்பாகத் தெரிகின்றன. தாளைத் தலைகீழாகத் திருப்பினால் அதே வட்டங்கள் குழிகளாகிவிடுகின்றன. வெளிச்சம் மேலிருந்துதான் வரும், ஒரே இடத்திலிருந்துதான் வரும் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. நிலாப் பள்ளங்களின் புகைப்படத்தைத் திருப்பிப் பார்த்தாலும் பள்ளங்கள் கொப்புளங்களாகும். அதனால் பழகும்போது வெளிச்சம் மேலிருந்தோ, மேல்பக்கவாட்டிலிருந்தோ வரும்படி பொருளை வைப்பது நல்லது. இரண்டு ஜன்னல் இருந்தால் ஒன்றை மூடிவிடுங்கள்.

தாள்மேல் விழும் நிழலைக் கவனிப்போம். முட்டை தாளைத் தொடும் இடத்தில் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கிறது. தள்ளிப் போகப் போகக் கரைகிறது. வெளிச்சம் வரும் இடத்துக்கு அகலம் இருப்பதால் இப்படி ஆகிறது. சூரியனுக்கே வானத்தில் அரை டிகிரி அகலம் உண்டு. வெயிலில் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து விழும் நிழலின் ஓரம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கலங்கியிருக்கும். மாடியில் துணிக்கொடியைப் பாருங்கள். கம்பத்தில் தாழக் கட்டியிருக்கும் இடத்தில் கயிற்றின் நிழல் கறுப்புக் கோடாக விழும். உயரப் போகும் இடத்தில் அது சாம்பலாகிக் காணாமலே போய்விடும். கயிற்றின் தடிமனைவிடக் கலங்கல் பெரிதாகிவிட்டது. வரையும்போது அடியில் மட்டும் அழுத்தமான ஓரம் வைத்து, தூரத்தில் விரலால் லேசாகத் தேய்த்துவிட்டால், முட்டை தாள்மேல் பதிந்து உட்கார்ந்துகொள்ளும்.

முட்டைக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளரை வையுங்கள். லாம்பர்ட்டின் கணக்கு இங்கே செல்லாது. முட்டை ஓடு தன்மேல் விழுந்த ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. உலோகமோ மேற்பரப்பிலேயே, வந்த கோணத்திலேயே திருப்பிவிடுகிறது. அதனால் டம்ளருக்கென்று சொந்தச் சாம்பல் கிடையாது. அதன் உடம்பில் இருப்பதெல்லாம் அறைதான். ஜன்னல் ஒரு வெள்ளைப் பட்டை, கதவு ஒரு கறுப்புப் பட்டை, உங்கள் சட்டை ஒரு பட்டை, முட்டைகூட ஒல்லியாக நீண்டு அங்கே நிற்கும். கறுப்பும் வெள்ளையும் இடையில் சாம்பலே இல்லாமல் ஒட்டி ஒட்டி வரும். டம்ளருக்கு முட்டை மாதிரி மெதுவாக ஷேடிங் போட்டால் அது சாம்பல் பூசிய குழாயாகிவிடும். தலையை ஒரு விரற்கடை அசைத்தால் பட்டைகள் எல்லாம் நகர்ந்துவிடும், முட்டையின் நிழல் எல்லை நகராது. ஆகையால் டம்ளர் வரைகிற நாளில் நாற்காலியை அசைக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது கத்தரிக்காய். அது இரண்டும் கலந்தது. மெழுகுபோன்ற தோல் கொஞ்சம் ஒளியைக் கண்ணாடி மாதிரி திருப்புகிறது. மீதி உள்ளே போய், ஊதா நிறம் வாங்கிக்கொண்டு சிதறி வருகிறது. நல்ல கத்தரிக்காயின் மினுக்கத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெறும் வெள்ளைப் புள்ளி என்று நினைத்தது ஒரு குட்டி ஜன்னல். வளைந்த சட்டம், அதற்குள் கம்பிகள்கூடத் தெரியும். கம்பிகளை வரையத் தேவையில்லை, ஆனால் அந்த வெள்ளையின் வடிவம் ஜன்னலின் வடிவமாக இருந்தால் காய் பளபளக்கும்.

எதில் வரைகிறோம் என்பதும் இதே இயற்பியல்தான். நல்ல வெள்ளைத் தாள் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் ஒளியைத் திருப்புகிறது, கரி நாலைந்து பங்கு. ஆக நம் கையில் இருப்பது இருபது மடங்கு வித்தியாசம்தான். வெயிலும் நிழலும் கலந்த ஒரு தெருவில் பல நூறு மடங்கு வித்தியாசம் சாதாரணம். அதை அப்படியே தாளுக்குள் கொண்டுவர யாராலும் முடியாது. எதை விடுவது, எதை வைப்பது என்று வரைகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பென்சிலில் இந்த இருபதுகூடக் கிடைப்பதில்லை. 1795-ல் பிரான்ஸின் நிக்கோலா ழாக் கோன்டே கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் கலந்து சுடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கெட்டியான எச் வகை, குறைந்தால் மென்மையான, கறுப்பாக எழுதும் பி வகை. கிராஃபைட் என்பது ஏடு ஏடாக அடுக்கிய கார்பன். தாளில் அது தட்டையான செதில்களாகப் படிகிறது. 6பி பென்சிலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தால், ஓர் அளவுக்குமேல் கறுப்பு ஏறாமல் வெள்ளி மாதிரி மினுங்கத் தொடங்கும். செதில்கள் சேர்ந்து கண்ணாடியாகிவிட்டன. கரித்துண்டும் கார்பன்தான். ஆனால் அது காற்றுப் புகாமல் சுட்ட குச்சி. உள்ளே முழுக்க நுண்துளைகள். நுழைந்த ஒளி அங்கேயே மோதி மோதி அடங்கிவிடுகிறது. முட்டையின் விழுநிழலுக்கும் துணி மடிப்பின் ஆழத்துக்கும் கரியை மிஞ்ச ஒன்றுமில்லை. டம்ளருக்குக் கூர்மையான பென்சில். இரண்டையும் ஒரே தாளில் வைப்பதென்றால் கரியை முதலில் போடுங்கள். கிராஃபைட்டின் வழவழப்பின்மேல் கரி பிடிக்காது.

உட்காரும்போது வெயில் நேராக உள்ளே வருகிறது என்றால் நேரம் குறைவு. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அரை மணியில் விழுநிழல் வேறு இடத்தில் இருக்கும். அதனால் முதல் ஐந்து நிமிடத்தில் நிழலின் எல்லைகளை மட்டும் மெல்லிய கோட்டில் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு அது எங்கே போனாலும் அதன் பின்னால் போகாமல் வரைந்து முடியுங்கள்.

கடைசியில் ரப்பரை பிளேடால் சீவி முனை எடுங்கள். டம்ளரின் விளிம்பில், ஜன்னல் விழுந்த இடத்தில், ஒரே இழுப்பு. அங்கே வெளிப்படுவது தாளின் சொந்த வெள்ளைதான். பக்கத்திலிருக்கும் கறுப்புப் பட்டை போதுமான அளவு கறுப்பாக இருந்தால் அந்தக் கீற்று வெயில் பட்ட மாதிரி அடிக்கும். அடிக்கவில்லையா, ரப்பரை வைத்துவிட்டுக் கரியை எடுங்கள்.