கிசெலெட்ஸ்: புளிச்சகீரை அல்ல, சுக்கான்கீரை

பல்கேரியச் சமையலைத் தமிழில் எழுதுகிறவர்கள் கிசெலெட்ஸ் சூப்பைப் 'புளிச்சகீரை சூப்' ஆக்கிவிடுகிறார்கள். ஒருமுறை என்றால் விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப இதுவே என்றால் எப்படி?

சொல்லின் கதை சின்னது. பல்கேரிய மொழியில் 'கிசெல்' என்றால் புளிப்பான என்று பொருள். அதோடு பெயராக்கும் விகுதி சேர்ந்து கிசெலெட்ஸ். வசந்தத்தில் புல்வெளிகளில் தானாக முளைக்கும் கீரை. தாவரப் பெயர் ரூமெக்ஸ் அசெட்டோசா.

"வேர்ச்சொல்லே புளிப்புதானே, அப்புறம் என்ன?" என்பது புளிச்சகீரைக் கட்சியின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்கு நம் ஊரில் ஏற்கெனவே சொந்தக்காரர் உண்டு: செம்பருத்திக் குடும்பத்துச் செடி, தண்டில் நார் உரிக்கலாம், ஆந்திராவின் கோங்குரா. இரண்டுக்கும் உறவு நாக்கில் மட்டுமே. புளிப்பு ஒன்றே போதுமென்றால் புளியாரை என்ன பாவம் செய்தது? பல்கேரியர்களே புளியாரை இனத்துக்கு அதே வேரிலிருந்து 'கிசெலிச்சே' என்று தனிப்பெயர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். அவர்கள் தயிரைக்கூட 'கிசெலோ ம்லியாகோ' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் 'புளித்த பால்'. அதை நாம் தயிர் என்றுதானே எழுதுகிறோம்? பாலுக்குக் காட்டும் விவேகத்தைக் கீரைக்கும் காட்டலாம்.

பலர் பல்கேரியச் சொல்லைப் பார்ப்பதே இல்லை என்பது என் சந்தேகம். கிசெலெட்ஸுக்கு ஆங்கிலத்தில் 'சாரல்' (sorrel) என்று பெயர்; அதன் வழியாக வருகிறார்கள். கரீபியன் தீவுகளில் சாரல் என்றால் புளிச்சைச் செடியும் அதன் சிவப்புப் பானமும். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

நம்மிடம் சுக்கான்கீரை இருக்கிறது. அதே ரூமெக்ஸ் இனம். தெலுங்கர்கள் சுக்ககூர என்று பருப்பில் போடுவது. புளிப்பைக் குறிக்கும் 'சுக்ர' (cukra) என்ற வடசொல்லின் வாடை அடிக்கிறதே என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கீரைக்காரம்மாவிடம் கேட்டால் கைக்குக் கிடைக்கிற பெயர் அது. (கப்பலின் சுக்கான் வேறு; அது அரபியிலிருந்து வந்தது.)

தாவரவியல் கட்டுரையில் மட்டும் நம்முடையது வேறு சிற்றினம் என்று குறிப்பிட வேண்டும். 'புல்வெளிச் சுக்கான்' என்று எழுதினால் குழப்பம் வராது. சமையல் குறிப்புக்குச் சுக்கான்கீரையே போதும்.

பல்கேரியாவில் லாபாட் என்று புளிப்புக் குறைந்த இன்னொரு ரூமெக்ஸும் உண்டு. அதைப் பசலை என்று எழுதுகிறவர்களோடு தனியாகச் சண்டை போட வேண்டும்.