நான் அடிக்கும் பழுப்பு வெயிலைத் தடுக்காது

ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தோலில் கரைசல் அடித்துப் பழுப்பு நிறம் ஏற்றும் ஸ்ப்ரே டேன் கடை நடத்துகிறேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "என்னட்டி இது, ரூவா குடுத்தா கறுக்காளுவ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிவப்பழகு க்ரீம் பூசி என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள். பேச்சு அதற்குமேல் வளரவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது சோலாரியம், அதாவது தோலைப் பழுப்பாக்கும் டேனிங் படுக்கைக் கடை வழியாக. மேலும் கீழும் புற ஊதாக் குழல் விளக்குகள், நடுவில் ஆள் படுக்க இடம், மேல்மூடியை இழுத்துச் சாத்திக்கொள்ள வேண்டும். 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. வெயில் பட்டால் சிவந்து எரியுமே தவிரக் கறுக்கவே செய்யாத தோல்காரர்களுக்கும் இல்லை. ஒரு தடவை படுத்தவர் 48 மணி நேரம் கழித்துத்தான் மறுபடி படுக்கலாம். இப்படி விதிகள் இருந்தன. நான் வேலை பார்த்த இடத்தில் அட்டையில் தேதியை மாற்றி எழுதச் சொல்வார்கள். எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2007இல் மெல்பர்னைச் சேர்ந்த கிளேர் ஆலிவர் என்ற பெண் மெலனோமா என்ற தோல் புற்றுநோயால் இறந்தார். வயது 26. சோலாரியம் பக்கம் போகாதீர்கள் என்று கடைசி வாரங்களில் ஊடகங்களில் பேசிவிட்டுப் போனார். 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டேனிங் படுக்கைகளை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் முதல் பிரிவில், புகையிலையோடு சேர்த்தது. கோல்ட் கோஸ்ட் இருக்கும் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2014 டிசம்பரோடு வணிக சோலாரியங்கள் முடிந்தன. மற்ற மாநிலங்களும் அதையொட்டியே மூடின. மேற்கு ஆஸ்திரேலியா மட்டும் இன்னொரு வருடம் எடுத்துக்கொண்டது.

படுக்கை போனது, 'பேஸ் டேன்' நம்பிக்கை போகவில்லை. விடுமுறைக்கு முன்னால் கொஞ்சம் பழுப்பேறிவிட்டால் பிறகு வெயில் சுடாதாம். வெயிலில் ஏறும் பழுப்பு, தோல் செல் அடிபட்டதற்கான அடையாளம். அது தரும் காப்பு, சன்ஸ்கிரீன் குப்பியில் போடும் எஸ்பிஎஃப் கணக்கில் 3, 4க்கு மேல் தேறாது.

நான் அடிக்கும் பழுப்பில் அதுவும் கிடையாது. மருந்தில் இருப்பது டிஎச்ஏ என்ற ஒரு சர்க்கரை. தோலின் மேலே செத்துக் கிடக்கும் படலத்துப் புரதத்தோடு சேர்ந்து நிறம் மாறும். கல்லில் தோசை முறுகிச் சிவப்பதும் ஏறக்குறைய இதே வேதியியல்தான். ஆறேழு மணி நேரத்தில் நிறம் பிடிக்கும், ஒரு வாரத்தில் செத்த படலத்தோடு உதிர்ந்துவிடும். தோலின் சொந்த நிறமியான மெலனின் ஒரு துளிகூடக் கூடுவதில்லை.

இதை நான் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியது ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பிறகு. வெள்ளைத்தோல், மூக்கெல்லாம் புள்ளி. வியாழன் சாயங்காலம் எட்டு சதவீத டிஎச்ஏ கரைசலில் மெல்லிசாக அடித்து அனுப்பினேன். சனிக்கிழமை திரும்பி வந்தாள். தோள் இரண்டும் கொப்பளித்து, பழுப்பு பாம்புச் சட்டைபோல உரிந்து தொங்கியது. "பழுப்பாகிவிட்டேனே, எரியாது என்று நினைத்தேன்" என்றாள். காலை பதினொன்றிலிருந்து மணலில் கிடந்திருக்கிறாள், அதுவும் டிசம்பரில். இந்தக் கடற்கரையில் அப்போது புற ஊதாக் குறியீடு 11ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும். 3 வந்தாலே காப்பு தேவை. அவள் மேல் தப்பில்லை, நான் சொல்லவில்லை. இப்போது ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் எடுக்குமுன்பே சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்கு ஒன்று. டிஎச்ஏ தோலின் மேலே பூசத்தான். கண், உதடு, மூச்சுக்குள் போகக் கூடாது. மூக்குக்கு வடிகட்டி, கண்ணுக்கு மூடி, உதட்டுக்கு வாஸ்லின் கொடுங்கள். காற்றை வெளியே இழுக்கும் நல்ல ஃபேன் போடுங்கள். வாடிக்கையாளருக்கு அது பத்து நிமிடம், உங்களுக்கு நாள் முழுக்க. நான் மாஸ்க் இல்லாமல் அடிப்பதில்லை.

பழைய டேனிங் படுக்கை மலிவாக வருகிறது, கராஜில் போடலாமா என்று நம்மூர்க்காரர் ஒருவரே கேட்டார். காசு வாங்கிப் படுக்கவிட்டால் குற்றம் என்றேன். இன்னும் சிலர் மூக்கில் அடிக்கும் டேன் ஸ்ப்ரே வைத்திருக்கிறேனா என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். உடம்பில் மெலனினைக் கூட்டிக் கறுக்க வைக்கும் மெலனோடான் என்ற மருந்து கலந்த சரக்கு அது. மச்சங்களைக் கறுக்க வைக்கும், புதிதாகவும் கிளப்பும். ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது. என் கடையில் அதற்கு இடமில்லை.

மச்சம் என்றதும் ஒருத்தி நினைவு வருகிறது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் ஒத்திகை டேனுக்கு வந்த மணப்பெண். இடது தோள்பட்டைக்குக் கீழே, அவளே பார்க்க முடியாத இடத்தில், ஓரம் பிசிறடித்த ஒரு மச்சம். இரண்டு நிறம். நான் டாக்டர் இல்லை, என்னவென்று சொல்லவும் மாட்டேன். அவள் ஃபோனிலேயே படம் எடுத்துக் காட்டி, "டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்க, டேன் அப்புறம் பார்க்கலாம்" என்றேன். கொஞ்சம் கோபத்தோடுதான் போனாள்.

ஐந்து வாரம் கழித்து வந்தாள். வெட்டி எடுத்துவிட்டார்களாம். கல்யாணத்துக்கு முதுகு தெரியும் கவுன், முழுசாக அடியுங்கள் என்றாள். தையல் பிரித்த இடம் இன்னும் சிவப்பாக இருந்தது. டாக்டர் சரியென்றால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வரச் சொல்லி, இந்த முறையும் அடிக்காமல் அனுப்பினேன்.