ஏற்காட்டு விடுதியில் ஜப்பானியக் கடை

ஏப்ரல் கடைசி. ஏற்காட்டில் அறை கிடைக்குமா என்று ஊரே விசாரிக்கும் நேரம். காபித் தோட்டத்துக்குள் ஆறு அறை வைத்து விடுதி நடத்தும் ஒருவர் போன் செய்தார். "தம்பி, நம்ம விடுதி பேரைப் போட்டுக் கூகுள்ல தேடினா சீன எழுத்துல என்னென்னமோ வருது. வெப்சைட்டைத் திறந்தா நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்கறாங்க."

சீனம் இல்லை, ஜப்பானியம். கைப்பை, கடிகாரம், செருப்பு என்று அவருடைய முகவரிக்குள் ஆயிரக்கணக்கான பக்கங்கள். கூகுள் வந்து பார்க்கும்போது மட்டும் கடை விரியும். அவர் திறந்தால் 'பக்கம் இல்லை' என்று வரும். பாவம், அவர் கண்ணில் எப்படிப் படும்?

சேலம் ஐந்து ரோடு பக்கம் சின்னதாக ஆபீஸ் போட்டு வெப்சைட் செய்து தரும் எனக்கு இது புதிதல்ல. விடுதியின் வெப்சைட், வெப்சைட் கட்ட உதவும் இலவச மென்பொருளான வேர்ட்பிரஸில் ஓடியது. முன்பு செய்து கொடுத்தவர், வெப்சைட்டின் தோற்றத்தைத் தரும் தீம்களில், காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு தீமை எங்கோ ஓசியில் இறக்கிப் போட்டிருந்தார். (தீம் என்ற சொல்லோடு 'ஐ' சேர்ந்தால் தீமை ஆகிவிடுகிறது. தமிழ் முன்கூட்டியே எச்சரித்துவிட்டது.) இப்படி ஓசியில் வரும் தீம்களில் பின்வாசல் ஒன்றைத் திறந்துவைத்தே அனுப்புவார்கள். அதற்கு அப்டேட்டும் வராது.

துப்புரவு செய்ய மூன்று நாள் ஆயிற்று. அங்கேதான் ஓப்பன் சோர்ஸின், அதாவது மூலநிரலை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைப்பதன் பலம் தெரிந்தது. வேர்ட்பிரஸின் ஒவ்வொரு கோப்பும் எப்படி இருக்க வேண்டும் என்பது உலகத்துக்கே தெரியும். அசலை இறக்கி, விடுதியில் இருந்ததோடு ஒப்பிட்டால் எது கலப்படம் என்று தனியாகத் தெரிந்துவிடுகிறது. படங்கள் மட்டும் இருக்க வேண்டிய அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் பி.எச்.பி. கோப்புகள், அதாவது ஓடக்கூடிய நிரல்கள், ஒளிந்திருந்தன. மூலநிரலை மூடி வைத்திருக்கும் மென்பொருளில், விற்றவர் வந்து பார்க்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதே திறந்த தன்மை திருடனுக்கும் உதவும். ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டதும், எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பதை அந்த அப்டேட்டே காட்டிக்கொடுக்கும். 2014 அக்டோபர் 15ஆம் தேதி, வேர்ட்பிரஸ் போலவே இன்னொரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான ட்ரூபலின் 7ஆம் பதிப்புக்கு ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் போடாதவர்கள் தங்கள் வெப்சைட் கைமாறிவிட்டதாகவே நினைத்துக்கொள்ளுங்கள் என்று அதன் பாதுகாப்புக் குழுவே பிறகு சொன்னது. நம் ஊரில் ஏழு மாதமாக உள்ளே எட்டிப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். "எங்க சின்னக் கடையை எவன் தேடி வரப்போறான்?" என்பார்கள். யாரும் தேடி வருவதில்லை. உலகத்து வெப்சைட்களில் பத்துக்கு நாலுக்கும் மேல் வேர்ட்பிரஸ். பழைய பதிப்பு எங்கே ஓடுகிறது என்று நிரல்கள் இரவு பகலாக ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போகின்றன. அது கொலுசுப் பட்டறையா வங்கியா என்று அவற்றுக்குத் தெரியாது.

எதைப் போடலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் நீளமாக இருக்காது. சிறு தொழில் என்றால் வேர்ட்பிரஸ். பழகுவது சுலபம், தெரிந்த ஆள் சேலத்திலேயே கிடைப்பார். தமிழும் ஆங்கிலமும் இணையாக வேண்டும் என்றால் இதே வகை மென்பொருளான ஜூம்லாவைப் பாருங்கள், பலமொழி வசதி அதிலேயே உண்டு. வேர்ட்பிரஸுக்குத் தனி பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) தேட வேண்டும். ட்ரூபல் பெரிய இடத்து மாப்பிள்ளை. கட்டிக்கொள்ளலாம், சீர் செய்து மாளாது. ட்ரூபல் 7இலிருந்து 8க்குப் போனவர்கள் கிட்டத்தட்ட புது வீடே கட்டினார்கள். 7க்கான ஆதரவும் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது.

வேர்ட்பிரஸில் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. தலைப்பிலிருந்து தானாக உருவாகும் பக்க முகவரிக்கு 200 இடம்தான். ஒரு தமிழ்க் குறியீடு அதில் ஒன்பது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 'கொ' என்று எழுதினால் எழுத்துக்கு ஒன்பது, அதன் குறிக்கு ஒன்பது, ஆகப் பதினெட்டு. அதனால் நீளமான தலைப்பு பாதியிலேயே அறுந்துபோகும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே கொடுத்துவிடுங்கள்.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜவ்வரிசி ஆலையின் வெப்சைட்டில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா பிளகின்களையும் ஒரே அழுத்தில் அப்டேட் செய்தேன். வெள்ளைத் திரை. ஒரு பிளகினை எழுதியவர் அதை எப்போதோ கைகழுவியிருந்தார். மற்றவை முன்னேற, அது மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. பேக்கப் இருந்தது, ஆனால் அதே சர்வரில். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அப்புறம்தான் புத்தி வந்தது. பேக்கப் வேறு இடத்தில் இருக்கும், அப்டேட்டை முதலில் நகல் ஒன்றில் போட்டுப் பார்ப்பேன். பிளகின் சேர்க்குமுன் அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பார்ப்பேன். வேண்டாததை அணைத்து வைப்பதில்லை, அழித்தே விடுவேன்.

விடுதிக்காரரிடம் இதையெல்லாம் சொல்லி, மாதா மாதம் பராமரிப்புக்கு ஒரு தொகை கேட்டேன். "ஃப்ரீன்னுதானே தம்பி சொன்னாங்க?" என்றார். மென்பொருள் இலவசம்தான். யானை வாங்கியாயிற்று, அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தால் எப்படி? கூகுளில் அந்த ஜப்பானியப் பக்கங்கள் மறையப் பல வாரம் ஆனது. அதற்குள் சீசன் போயே போய்விட்டது. தொகைக்குச் சம்மதித்துவிட்டார்.

பிறகு பார்த்தால் வெப்சைட்டின் முகவரிப் பெயரான டொமைன், முன்பு செய்து கொடுத்தவரின் பெயரிலும் ஈமெயிலிலும் இருந்தது. வெப்சைட்டை எந்த சர்வருக்கு வேண்டுமானாலும் மூட்டை கட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான் இந்த வகை மென்பொருளின் பெரிய சுதந்திரம். பெயர்ப்பலகை அடுத்தவர் கையில் இருந்தால் எங்கே போய் மாட்டுவது? நாலு தடவை நடந்து அதை விடுதிக்காரர் பெயருக்கு மாற்றினோம். பாஸ்வேர்டை அறை வாடகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். நோட்டில் எழுதுவது அவ்வளவு நல்லதில்லை அண்ணா என்றேன்.

"உன்கிட்ட மட்டும் இருக்கறதைவிட என் பீரோவுல இருக்கறது மேல்" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.