கடலோர வீட்டுக்கு எந்த சர்வே?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் பழைய மாடி வீடு ஒன்றை வாங்கவிருக்கும் வாசகர் கேட்கிறார்: "சர்வேயரை வைத்து அளந்தாச்சு. எல்லைக்கல், பட்டா, புலப்படம் எல்லாம் ஒத்துப்போகுது. கட்டடத்துக்குன்னு தனியா சர்வே வேணுமா?"

கண்டிப்பாக வேணும். இதுவரை அளந்தது மனையை மட்டும்தான். கட்டடத்துக்கு எந்தப் பரிசோதனை என்பது அது எதனால் கட்டப்பட்டது, எதனால் கெடும் என்பதைப் பொறுத்தது. புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கத்துப் பழைய வீடுகள் செங்கல், சுண்ணாம்புக் காரை, மர விட்டம், அதன்மேல் செங்கலைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. அங்கே ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது, சுவருக்குள் போகும் விட்டத்தின் முனை உளுத்திருக்கிறதா என்று பார்க்கணும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மேரி கட்டடம், அதாவது புதுச்சேரியின் பழைய நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் அப்படியே சரிந்தது அந்த ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது.

வாசகரின் வீடு கம்பி கட்டிய காங்கிரீட். இதற்குப் பலரும் முதலில் செய்வது ரீபவுண்ட் ஹாமர், அதாவது சுத்தி எவ்வளவு எகிறுகிறது என்று பார்த்து வலிமையைக் கணிப்பது. பழைய கட்டடத்தில் அதை மட்டும் நம்பக்கூடாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஏறி ஏறி மேல்தோல் இறுகிவிடும், எண் நன்றாகவே வரும், ஆனால் உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அந்தக் கம்பிதான். சிமென்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகி, காங்கிரீட்டின் பிஎச் 12, 13 என்று நிற்கிறது. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் சில நானோமீட்டர் தடிப்பில் ஓர் ஆக்சைடு படலம் உருவாகும். அது இருக்கும்வரை கம்பிக்குத் துரு கிடையாது. கடற்காற்றிலோ, காங்கிரீட் கலக்கும்போது ஊற்றிய உப்புத் தண்ணீரிலோ வந்த குளோரைடு அந்தப் படலத்தை ஒரு புள்ளியில் உடைத்து இரும்போடு சேர்கிறது, அந்தச் சேர்மம் தண்ணீரோடு வினைபுரிந்து துருவாகும்போது குளோரைடு மறுபடி விடுபட்டு அடுத்த இரும்பணுவைத் தேடிப் போகிறது. அதாவது அது தீர்வதே இல்லை! அதே கம்பியில் ஓர் இடம் எதிர்மின்னிகளை விட, இன்னோர் இடம் வாங்கிக்கொள்ள, நடுவில் ஈரக் காங்கிரீட் வழியாக அயனிகள் நகர, உங்கள் பால்கனிக்குள் ஒரு மின்கலம் ஓடுகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கடைசியில் காங்கிரீட் வெடித்துப் பாளம் பாளமாக விழும்.

மின்கலம் என்றால் மின்னழுத்தம் இருக்கணும் இல்லையா? ஹாஃப் செல் பரிசோதனை அதைத்தான் பிடிக்கிறது. ஓர் இடத்தில் கொத்திக் கம்பியை வெளியே எடுத்து மீட்டரின் ஒரு வயரை மாட்டுகிறார்கள். மறுமுனையில் செம்புக் கோலும் காப்பர் சல்ஃபேட் கரைசலும் உள்ள ஒரு குழாய், அடியில் ஈர ஸ்பாஞ்ச். அதைக் காங்கிரீட்டில் கட்டம் கட்டமாக வைத்துக்கொண்டே போனால், விரிசல் கண்ணில் படுமுன்பே அரிப்பு எங்கே என்று வரைபடமே வந்துவிடும். மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் அரிக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, மைனஸ் 200க்கு மேலே இருந்தால் அரிக்காமலிருக்க அதே அளவு வாய்ப்பு. பெயின்ட், டைல்ஸ் மேல் அளந்தால் எண் தப்பாக வரும், சுரண்டிவிட்டுத்தான் அளக்கணும்.

மேல்தொட்டி கன்னி மூலையில் இருக்கிறதா என்று வாஸ்து பார்க்கக் காசு கொடுக்கிறோம், அதைத் தாங்கும் தூணின் கம்பியை யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் கம்பி அரிப்பைப் பல காலமாக ஆராய்கிறது. அந்த அறிவு கடலோர பாலிடெக்னிக்குகளின் லேப் வழியாகச் சாதாரண வீட்டுக்காரருக்கும் கிடைக்க அரசு பணம் ஒதுக்கணும்.

சரி, வாசகர் செய்ய வேண்டியது: பால்கனி, சன்ஷேடு, தொட்டித் தூண் மூன்றிலும் ஹாஃப் செல் கேளுங்கள். கம்பிக்காகக் கொத்திய பள்ளத்திலேயே காரம் பட்டால் நிறம் மாறும் ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளிக்கச் சொல்லுங்கள். இளஞ்சிவப்பானால் காரம் மிச்சமிருக்கிறது, நிறம் மாறாத பகுதியில் கார்பன் டை ஆக்சைடு காரத்தைத் தீர்த்துவிட்டது, அது கம்பிவரை போயிருந்தால் பாதுகாப்பு போய்விட்டது. இளஞ்சிவப்பாக இருந்தும் மில்லிவோல்ட் மோசமாக வந்தால் சந்தேகம் உப்பின் மேல்தான், காங்கிரீட் தூளை எடுத்து லேபில் குளோரைடு பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.