பிரசவ அறையில் குழாய் எங்கே இருக்கிறது?

ஒரு பிரசவத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் போட்டிருக்கும் கணக்கு 100 லிட்டர், அதாவது நம் பிளாஸ்டிக் குடத்தில் ஆறேழு குடம். வெளிநோயாளி ஒருவருக்கு 5 லிட்டர் போதும், வார்டில் படுத்திருப்பவருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர். பிரசவத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்றால், செவிலியரின் கை, தாயின் உடம்பு, ரத்தமும் பனிக்குட நீரும் சிந்திய மேசை, தரை, கத்தரிக்கோல், அழுக்குத் துணி, அப்புறம் அந்தப் பெண் எழுந்து போக வேண்டிய கழிப்பறை என்று எல்லாமே அந்தக் கணக்கில் வருகிறது. இதில் ஒன்று விட்டுப்போனாலும் கிருமிக்கு வழி கிடைத்துவிடும். நஞ்சுக்கொடி பிரிந்து வந்த கருப்பையின் உட்புறம், குழந்தையின் வெட்டிய தொப்புள்கொடி என்று இரண்டு திறந்த புண்கள் அந்த அறையில் இருக்கின்றன.

1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவச்சிகள் பார்த்த பிரிவை விட மருத்துவர்களும் மாணவர்களும் பார்த்த பிரிவில்தான் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். காரணம், அவர்கள் பிணப் பரிசோதனை முடித்துவிட்டு நேராகப் பிரசவம் பார்க்க வந்தார்கள். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் சுமார் 2 ஆக இறங்கியது. கிருமிதான் நோய்க்குக் காரணம் என்பது அப்போது நிலைநிறுத்தப்படவில்லை. பிண நாற்றம் கையை விட்டுப் போகிறதே என்றுதான் அவர் அந்தக் கரைசலைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தச் சுண்ணாம்பு வேறொன்றுமில்லை, நம் பிளீச்சிங் பவுடர்தான். தண்ணீரில் கரைத்தால் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. மின்னூட்டம் இல்லாத சின்ன மூலக்கூறு, பாக்டீரியாவின் சுவரைச் சுலபமாகத் தாண்டி உள்ளே போய் புரதங்களைச் சிதைத்துவிடும். ஆனால் தண்ணீரின் காரத்தன்மை கூடக்கூட இந்த அமிலம் எதிர்மின்னூட்டமுள்ள ஹைப்போகுளோரைட்டாக மாறுகிறது. பாக்டீரியாவின் மேற்பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால் அதை நெருங்கவே விடாது. காரத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் 7.5இல் பாதிக்குப் பாதி, 8.5இல் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அமிலம் மிஞ்சும். அதனால்தான் பிஎச் கூடிய போர் தண்ணீரில், அளவு பார்த்துப் போட்ட பவுடர்கூடச் சில இடங்களில் சரியாக வேலை செய்வதில்லை. ரத்தம், அழுக்கு எல்லாம் குளோரினைத் தின்றுவிடும் என்பதும் இதே ரகம், சிந்திய ரத்தத்தைத் துடைக்காமல் அதன்மேல் கரைசலை ஊற்றினால் பாதி வீண். (அமைச்சர் வரும்போது சாலையோரத்தில் காய்ந்த பொடியால் போடும் வெள்ளைக் கோடு பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.)

சரி, தண்ணீர் சுத்தம், சோப்பும் இருக்கிறது, அப்புறமும் மருத்துவர்களும் செவிலியர்களும் ஏன் கை கழுவ மாட்டேன் என்கிறார்கள்? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் தொண்ணூறுகளில் டிடியே பிட்டே என்ற மருத்துவரின் குழு பக்கத்தில் நின்று எண்ணியே பார்த்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 20 தடவை கை சுத்தம் செய்ய வேண்டிய தருணம் வந்தது. சோப்புப் போட்டு ஒழுங்காகக் கழுவ 40 முதல் 60 விநாடி, தொட்டி வரை போய்வரும் நேரம் தனி. இருபது தடவையும் செய்தால் மணிக்கு இருபது நிமிஷம் அதிலேயே போய்விடும், நோயாளியை யார் பார்ப்பது? வேலை நெருக்கடி கூடக்கூட கை கழுவுவது குறைந்ததையும் அவர்கள் கண்டார்கள். ஆகவே, பிரசங்கம் செய்வதோடு நிற்காமல், ஆல்கஹால் கரைசல் பாட்டிலைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள், 20-30 விநாடியில் வேலை முடியும். 1994இல் 48 சதவீதமாக இருந்த கை சுத்தம் 1997இல் 66 ஆனது. மருத்துவமனைக்குள் தொற்றிய நோய் 16.9 சதவீதத்திலிருந்து 9.9க்கு இறங்கியது.

அதற்காகக் குழாயை மூடிவிட முடியாது. ரத்தம் படிந்த கையில் ஆல்கஹால் எடுபடாது, சில வயிற்றுப்போக்குக் கிருமிகளின் வித்துகளையும் அது கொல்லாது. கையைத் தண்ணீரில் கழுவித்தான் தீர வேண்டும்.

ஆனால் குழாயிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். 2004 கடைசியிலிருந்து 2006 வரை டொராண்டோவில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்துக்கு மசியாத சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா 36 பேரைப் பிடித்தது. கிருமி எங்கே இருந்தது தெரியுமா? கை கழுவும் தொட்டியின் வடிகாலில். ஒளிரும் சாயத்தை ஊற்றிக் குழாயைத் திறந்து பார்த்தார்கள்: தண்ணீர் நேராக வடிகால் துளையில் விழுந்து, ஒரு மீட்டர் தூரம் வரை தெறித்து, நோயாளியின் கட்டில், மருந்து தயாரிக்கும் மேசை வரைக்கும் போயிருந்தது. தெறிக்காத மாதிரி தொட்டியை மாற்றி அமைத்த பிறகுதான் அடங்கியது. பின்னாளில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, தொட்டிக்கு அடியில் வளைந்திருக்கும் குழாய்க்குள் விட்ட பாக்டீரியா, உணவு கிடைத்தபோது, நாளுக்குச் சுமார் 2.5 சென்டிமீட்டர் வேகத்தில் சளிப்படலமாக மேலே ஏறியது. மிச்ச டீயையும் குளுக்கோஸையும் கை கழுவும் தொட்டியில் கொட்டக் கூடாது என்று செவிலியர்கள் திட்டுவது இதனால்தான்.

குழாயின் இடம், கை கழுவும் தொட்டியின் ஆழம், தண்ணீர்த் தொட்டியில் குளோரின் அளவு, சோப்பு வாங்கும் காசு என்று இதெல்லாம் வெவ்வேறு ஆளின் பொறுப்பாக இருப்பதுதான் சிக்கல். கட்டடம் ஒரு துறை, தண்ணீர் இன்னொரு துறை, துப்புரவு ஒப்பந்தக்காரர், கடைசியில் தொற்று வந்தால் மட்டும் மருத்துவரின் தலையில். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். உலகத்தில் 68 சதவீத மருத்துவ நிலையங்களில் நோயாளியைப் பார்க்கும் இடத்தில் கை சுத்தம் செய்ய வசதி இருக்கிறது, 65 சதவீதத்தில் கழிப்பறையில் தண்ணீரும் சோப்பும் இருக்கின்றன, ஆனால் இரண்டும் சேர்ந்து இருப்பது 51 சதவீதத்தில்தான். இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்டால் நிலைமை பரவாயில்லை போலத் தெரியும், சேர்த்துக் கேட்டால்தான் ஓட்டை தெரிகிறது.

2015இல் இந்திய அரசு தொடங்கிய காயகல்ப் திட்டத்தில் அரசு மருத்துவமனைகள் முதலில் தங்களைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும், பிறகு வேறொரு மருத்துவமனைக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், அதற்கப்புறம் வெளியாட்கள். 70 சதவீத மதிப்பெண் எடுத்தால் பரிசுக்குத் தகுதி. எனக்கு இதில் மதிப்பெண்ணை விடப் பரிசுப்பணம் மருத்துவமனைக்கே போவது பிடித்திருக்கிறது. மோட்டார் பழுதானால் மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்காமல் பிளம்பரைக் கூப்பிடக் கையில் காசு வேண்டும் இல்லையா. அப்புறம், மருத்துவக் கழிவை மஞ்சள் பை, சிவப்புப் பை என்று பிரித்துக் கட்டுகிற துப்புரவுப் பணியாளருக்கு ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட்டாயிற்றா, கையுறை கிழிந்தால் அன்றைக்கே புதிது கிடைக்கிறதா என்று நோய்த்தொற்றுத் தடுப்புக் குழுவின் கூட்டத்தில் யாராவது கேட்க வேண்டும். அவரையே அந்தக் குழுவில் உட்கார வைத்தால் இன்னும் சுலபம், எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.