மேலே சுற்றும் நட்டு யாருடையது?

கோவை கணபதியில் ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குள் போய், 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மாட்டும் நட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுமார் 10 கிராம் இருக்கும். கை தவறி விழுந்தால் குனிந்து தேடக்கூட மாட்டார்கள். அதே நட்டு பூமிக்கு மேலே 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்து, எதிரே வரும் செயற்கைக்கோள் மீது விநாடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் என்ன ஆகும்? பள்ளிக்கூடக் கணக்குத்தான்: நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 5 லட்சம் ஜூல் வருகிறது. 10 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்து முட்டினாலும் அதே 5 லட்சம் ஜூல்தான்.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் கணிப்புப்படி, ஒரு சென்டிமீட்டரைவிடப் பெரிய குப்பைத் துண்டுகள் 12 லட்சத்துக்கு மேல் பூமியைச் சுற்றுகின்றன. ராடாரும் தொலைநோக்கியும் தொடர்ந்து கண் வைத்திருப்பது சுமார் 40 ஆயிரம் பொருட்கள் மீது. அதிலும் ஒரு பெரும்பங்கு வேலை செய்துகொண்டிருக்கும் செயற்கைக்கோள்கள். தாழ்ந்த சுற்றுப்பாதையில் சுமார் 10 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் ஒரு துண்டைத் தொடர்ந்து பின்தொடர்வது மிகக் கடினம். ஆக, பேருந்து மோதுகிற வலுவோடு சுற்றும் நட்டு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது எந்த நாட்டின் ராக்கெட்டிலிருந்து கழன்றது, எந்த நிறுவனத்தின் செயற்கைக்கோள் உடைந்து சிதறியது என்பதும் தெரியாது. நட்டில் பெயர் எழுதி வைத்திருப்பதில்லை.

யாருடையது என்று தெரியாத கழிவு என்ன செய்யும் என்பதைக் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற நொய்யலை நினைத்துக்கொள்ளுங்கள். பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. அணைக்குக் கீழே கிணறும் காடும் உப்பேறிப் போன விவசாயி யார் மேல் வழக்குப் போடுவார்? நூற்றுக்கணக்கான சாயப்பட்டறை, சலவைப்பட்டறைகளின் தண்ணீர் ஒரே ஆற்றில் கலந்து வருகிறது. “என் பட்டறைத் தண்ணிதான் உன் கிணத்துக்கு வந்துச்சுன்னு என்ன சாட்சி?” என்று ஒவ்வொருவரும் கேட்கலாம். ஒவ்வொருவர் கேள்வியும் தனித்தனியே நியாயமாகத்தான் தெரியும்.

விண்வெளிச் சட்டம் இன்றைக்கும் அந்த இடத்திலேயே நிற்கிறது என்பதுதான் என் கவலை.

1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம், ஒரு நாட்டின் தனியார் நிறுவனம் விண்வெளியில் செய்வதற்கும் அந்த நாடே பொறுப்பு என்கிறது. அதைத் தொடர்ந்து 1972இல் வந்த இழப்பீட்டு உடன்படிக்கை இரண்டு விதமான பொறுப்பைச் சொல்கிறது. விண்பொருள் தரையில் விழுந்தாலோ, பறக்கும் விமானத்தைத் தாக்கினாலோ, ஏவிய நாடு இழப்பீடு தர வேண்டும். தவறு யாருடையது என்ற கேள்வியே கிடையாது. 1978 ஜனவரியில் சோவியத் ஒன்றியத்தின் காஸ்மோஸ் 954, தன்னுள் இருந்த அணு உலையோடு கனடாவின் வடக்கே விழுந்து சிதறியது. கனடா சுமார் 60 லட்சம் கனடா டாலர் கேட்டது. 1981இல் 30 லட்சம் டாலர் கிடைத்தது. பாதிதான் என்றாலும் பணம் கைக்கு வந்தது.

மேலேயே ஒன்றோடொன்று மோதினால் கதை வேறு. அங்கே பாதிக்கப்பட்டவர்தான் எதிராளியின் தவறை நிரூபிக்க வேண்டும். 2009 பிப்ரவரி 10 அன்று, சைபீரியாவுக்கு மேலே ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில், அமெரிக்க நிறுவனம் ஒன்றின் இரிடியம் 33 செயற்கைக்கோளும், செயலிழந்து கிடந்த ரஷ்யாவின் காஸ்மோஸ் 2251உம் மோதிக்கொண்டன. ராடாரில் தெரியும் அளவுள்ள துண்டுகள் மட்டும் சுமார் இரண்டாயிரம் கிளம்பின. இருவர் பெயரும் தெரியும், மோதிய நேரம் தெரியும், உயரம் தெரியும். இருந்தும், ஒன்று செத்த வண்டி, அதனால் விலக முடியாது. மற்றொன்று விலகியிருக்கலாம், ஆனால் விலகியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தவறு யாருடையது? அந்த உடன்படிக்கையின்படி யாரும் யாரிடமும் இழப்பீடு பெறவில்லை. முழு வண்டிகள் இரண்டு மோதியதற்கே இதுதான் முடிவு என்றால், பெயர் தெரியாத நட்டுக்கு என்ன நடக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட சிக்கல் ஒன்றும் உண்டு. ஏவிய நாடு என்றால் ராக்கெட்டை விட்ட நாடு மட்டுமில்லை, பணம் கொடுத்து ஏவச் சொன்ன நாடும்தான். எந்த நாட்டு மண்ணிலிருந்து கிளம்பியதோ அந்த நாடும்தான். 2017 பிப்ரவரி 15 அன்று இஸ்ரோவின் பிஎஸ்எல்வி சி37 ராக்கெட் ஒரே தடவையில் 104 செயற்கைக்கோள்களை மேலே கொண்டுபோனது நினைவிருக்கும். அதில் 96 அமெரிக்காவுடையவை. சட்டத்தின் கண்ணில் அந்த 96க்கும் இந்தியாவும் ஓர் ஏவிய நாடு. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் முழு இழப்பீட்டையும் இந்தியாவிடமே கேட்கலாம். பிறகு நாம் மற்றவரிடம் பங்கு கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நிறுவனம் சம்பாதிக்கிறது, நாடு ஜாமீன் நிற்கிறது. ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர் கடன் வாங்குகிறவரை நாலு கேள்வி கேட்காமல் போட மாட்டார் இல்லையா? நாடுகளும் அப்படிக் கேட்க வேண்டும்.

நொய்யலில் வழக்கு எப்படித் திரும்பியது என்று பார்ப்போம். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம், வெளியேற்றுகிற கழிவுநீருக்கு லிட்டருக்கு இத்தனை பைசா என்று பட்டறைகள் மீது அபராதம் விதித்து, ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத நிலைக்கு வரச் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. ஊரே ஸ்தம்பித்தது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள், அந்த வலியைச் சின்னதாகச் சொல்லக் கூடாது. ஆனால் கேள்வி மாறிவிட்டதைக் கவனியுங்கள். இன்னாருடைய உப்பு இன்னாருடைய கிணற்றில் இருக்கிறதா என்று தேடுவதை விட்டுவிட்டு, உன் வாசலைத் தாண்டித் தண்ணீர் வெளியே வந்ததா என்று மட்டும் கேட்டார்கள். அதை அளக்க முடியும்.

விண்வெளியிலும் அளக்கக்கூடிய கேள்வி இருக்கிறது: வேலை முடிந்ததும் உன் வண்டியை இறக்கினாயா?

இறக்குவது எப்படி என்பது உயரத்தைப் பொறுத்தது. 350, 400 கிலோமீட்டரில் இன்னமும் மெல்லிய காற்று இருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைத் தின்று, சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ பொருளைக் கீழே இழுத்து எரித்துவிடும். 800 கிலோமீட்டரில் அதற்கு நூற்றாண்டுகள் ஆகும். 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஆயிரம் ஆண்டும் ஆகலாம். அதனால் கடைசிச் சொட்டு எரிபொருளைச் சம்பாதிக்கச் செலவழிக்காமல், கீழே இறங்குவதற்கு மிச்சம் வைக்க வேண்டும். பூமத்திய ரேகைக்கு மேலே 36 ஆயிரம் கிலோமீட்டரில் நிற்கும் டிவி செயற்கைக்கோள்களைக் கீழே கொண்டுவர முடியாது. அவற்றை 300 கிலோமீட்டர் போல மேலே தள்ளி ஒதுக்கிவிடுவார்கள். அதற்கு ஆகும் எரிபொருளில் இன்னும் மூன்று மாதம் அதே இடத்தில் நின்று வேலை செய்யலாம். எடையற்ற நிலையில் எரிபொருள் டாங்கின் அடியில் தங்காமல் மிதப்பதால், எவ்வளவு மிச்சம் என்பதை, டாங்கின் அழுத்தத்தையும் இதுவரை ஆன செலவையும் வைத்துக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

இந்த இடத்தில் தவறியதற்குத்தான் முதல் அபராதம் விழுந்தது. 2002இல் ஏவப்பட்ட எக்கோஸ்டார் 7 என்ற டிவி செயற்கைக்கோளை 300 கிலோமீட்டர் மேலே தள்ளிவிடுவதாக அமெரிக்காவின் டிஷ் நிறுவனம் 2012இல் ஒப்புக்கொண்டிருந்தது. 2022இல் பார்த்தால் எரிபொருள் போதவில்லை. 122 கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. 2023 அக்டோபரில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 1.5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. செயற்கைக்கோள் எதன் மீதும் மோதவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்பதே குற்றம். எனக்கு இது மிகப் பெரிய திருப்பமாகத் தெரிகிறது, தொகை சிறியது என்றாலும். மூன்று மாத டிவி வருமானத்தோடு ஒப்பிட்டால் 1.5 லட்சம் டாலர் எந்த நிறுவனத்தையும் பயமுறுத்தாது. அதே ஆணையம், தாழ்ந்த சுற்றுப்பாதையில் இருப்பவை வேலை முடிந்த 5 ஆண்டுக்குள் இறங்க வேண்டும் என்று 2022இல் விதி கொண்டுவந்தது. அதற்கு முன் 25 ஆண்டு என்பதே வழக்கம்.

இந்தியாவின் கணக்கிலும் கறை உண்டு. 2001 டிசம்பரில், அக்டோபரில் ஏவிய பிஎஸ்எல்வியின் மேலடுக்கு, அதாவது செயற்கைக்கோளை விட்டபின் மேலேயே சுற்றும் ராக்கெட்டின் கடைசிப் பகுதி, வெடித்து 300க்கும் மேற்பட்ட துண்டுகளானது. அதற்குப் பிறகு, மறுபடி வெடிக்காமலிருக்க, இஸ்ரோ மேலடுக்கின் மிச்ச எரிபொருளையும் அழுத்தத்தையும் வெளியேற்றிவிடுகிறது. ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் வராவிட்டால் குழியை மூடிவிட்டுத்தான் போக வேண்டும் என்பார்களே, அதே வேலை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 2023 மார்ச்சில், நூறு ஆண்டுக்கு மேல் சுற்றியிருக்கக்கூடிய ஒரு டன் எடையுள்ள மேகா டிராபிக்ஸ் 1 செயற்கைக்கோளை இஸ்ரோ மிச்ச எரிபொருளை வைத்தே இறக்கிப் பசிபிக் கடலின் மேல் எரித்தது. அது அப்படி இறக்குவதற்கென்று வடிவமைக்கப்பட்டதே இல்லை. 2024இல் பிஎஸ்எல்வி சி58இன் மேலடுக்கை 650இலிருந்து 350 கிலோமீட்டருக்குத் தாழ்த்தியதால், மார்ச் 21 அன்று அது காற்றுமண்டலத்தில் நுழைந்தது. 2030க்குள் எல்லா இந்தியப் பயணங்களையும் குப்பையில்லாமல் செய்வோம் என்று, தனியாரையும் சேர்த்தே, அந்த ஆண்டு இஸ்ரோ அறிவித்தது.

தனியார் ஏவுவதற்கு மத்திய அரசின் இன்ஸ்பேஸ் அமைப்பு அனுமதி தருகிறது. ஆனால் விண்வெளிக்கென்று தனிச் சட்டம் இன்னும் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. அது வரும்போது அபராதத்தை மட்டும் எழுதினால் போதாது. திவாலான நிறுவனத்திடம் அபராதம் வசூலிக்க முடியாது. அதன் செயற்கைக்கோள் அதற்காக விழுந்துவிடவும் போவதில்லை. ஏவுவதற்கு முன்பே ஒரு தொகையை வைப்பாகக் கட்டட்டும், வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் தருவது போல. 400 கிலோமீட்டரில் விடுகிறவருக்குக் குறைவாகவும், 800இல் விடுகிறவருக்குப் பல மடங்காகவும் இருக்கட்டும். இறக்கியதை ராடார் உறுதி செய்த அன்று முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடலாம். இறக்காதவர் பணம், அவர் விட்டுப்போனதை வேறொருவர் போய் இறக்கிவரும் செலவுக்கு ஆகட்டும். அப்படிப் போகிறவருக்கு உரிமையாளர் நாட்டின் சம்மதம் வேண்டும், ஏனென்றால் செத்துப்போன செயற்கைக்கோளும் பதிவு செய்த நாட்டின் அதிகாரத்தில்தான் இருக்கிறது. கடலில் கைவிடப்பட்ட கப்பலை மீட்பது போல யாரும் போய் இழுத்துவர முடியாது. அந்தச் சம்மதத்தையும் அனுமதிக் கடிதத்திலேயே, ஏவும் நாளுக்கு முன், எழுதி வாங்கிவிட வேண்டும்.