சுவரில் நாலு மீற்றர்ச் சூரியன்

புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. ஒளியைச் சேர்க்க மட்டுமே அதற்குத் தெரியும். சுவரில் ஏற்கெனவே விழுந்து கிடக்கும் ஒளியைத் துடைத்தெடுக்கத் தெரியாது. பூக்களையும் முகங்களையும் காட்டும்போது இந்தக் குறை கண்ணில் படுவதில்லை. விண்வெளிப் படத்திலோ பெரும்பகுதி கறுப்புத்தான். அந்தக் கறுப்பு சாம்பலாக வெளிறினால் விண்மீன்களும் நெபுலாக்கள் எனும் வாயு முகில்களும் தூசு படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் ஆகிவிடும். ஆகவே விண்வெளி ஒளிக்காட்சி நடத்த நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது இருட்டான சுவரை. புரொஜெக்டர் அதற்குப் பிறகு.

கணக்கு எளிது. 8 மீற்றர் அகலம், 4.5 மீற்றர் உயரமுள்ள படத்தின் பரப்பு 36 சதுர மீற்றர். 5000 லூமன் (கருவி வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு) புரொஜெக்டரின் ஒளி அதில் பரவினால் சதுர மீற்றருக்கு சுமார் 139 லூமன், அதாவது 139 லக்ஸ். ஓரங்களில் குறைவது, நிறத்தைச் சீராக்கும்போது இழப்பது எல்லாம் போக நடைமுறையில் 100 லக்ஸ் கிடைத்தால் நல்லது. பக்கத்தில் ஒரு தெருவிளக்கு அதே சுவரில் 10 லக்ஸ் கொட்டினால், படத்தின் மிக வெளிச்சமான இடம் மிக இருண்ட இடத்தைவிடப் பதினொரு மடங்குதான் பிரகாசமாக இருக்கும். பால்வீதியைக் காட்ட அது போதாது. அந்த ஒரு விளக்கை அணைத்துச் சுற்றுவெளிச்சத்தை 1 லக்ஸுக்குக் கொண்டுவந்தால் அதே புரொஜெக்டர் நூறு மடங்கைத் தொடும். இருமடங்கு விலைகொடுத்து 10,000 லூமன் கருவி வாங்கினாலும் இந்த மாற்றம் வராது. பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதி, இரண்டு மணிநேரத்துக்கு அந்த விளக்கை அணைக்கக் கேட்பதே மலிவான வழி.

வன்னியில் இருட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சுவர் ஏ9 வீதியைப் பார்த்து நிற்கக் கூடாது. போகும் ஒவ்வொரு பஸ்ஸின் முன்விளக்கும் படத்தை வெளுத்துவிட்டுப் போகும். வயலையோ குளத்தையோ பார்த்த பாடசாலை மண்டபச் சுவர், நெற்களஞ்சியச் சுவர் நல்லவை. மங்கலான வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் விழும் ஒளியின் பெரும்பங்கு திரும்பி வரும். பூசாத சீமெந்துச் சுவர் பெரும்பங்கை விழுங்கும். எனாமல் பெயின்ற் மினுங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டை உண்டாக்கும். கோயில் மதிலின் சிவப்புப் பட்டைகள் நீல ஒளியை விழுங்கிவிடும். சுவர் இல்லையென்று படங்கு கட்டுபவர்கள் சோளகக் காற்றை நினைத்துப் பார்க்க வேண்டும்: நொடிக்கு 8 மீற்றர் காற்று 36 சதுர மீற்றர்ப் படங்கில் மோதும் விசை, சுமார் 140 கிலோ எடை இழுப்பதற்குச் சமம்.

பௌர்ணமியன்று போயா விடுமுறை என்பதால் பலர் அந்த நாளையே கேட்பார்கள். முழுநிலவின் ஒளி சுவரில் 0.2 லக்ஸ் அளவே; படத்துக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் காட்சி முடிந்தபின் சனங்கள் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டிய பால்வீதியை அது மறைத்துவிடும். அமாவாசையை ஒட்டிய வாரமே சரி. சூரியன் மறைந்து ஏறத்தாழ 50 நிமிடம் கழித்துத் தொடங்கலாம்.

இனிக் கருவியை வைப்பது. எறிதல் விகிதம், அதாவது சுவருக்குள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது, 1.5 என்றால் 8 மீற்றர்ப் படத்துக்கு 12 மீற்றர் தூரம் வேண்டும். சனங்களின் தலைநிழல் விழாதபடி 3 மீற்றர் உயரச் சாரத்தில் வைக்கிறோம். இங்கேதான் அதிகம் பிழை நேர்கிறது. சாரம் 0.1 பாகை சாய்ந்தாலே 12 மீற்றருக்கு அப்பால் படம் 2 சென்ரிமீற்றர் நகரும். 1920 புள்ளி அகலப் படத்தில் ஒரு புள்ளி 4.2 மில்லிமீற்றர், அதாவது ஐந்து புள்ளி ஆட்டம். விண்மீன்கள் எல்லாம் ஒன்றாய்க் குலுங்கும். கால்களுக்கு மணல்மூட்டை, நான்கு பக்கமும் இழுகயிறு, காட்சி நேரத்தில் யாரும் சாரத்தில் ஏறாமை: மூன்றும் கட்டாயம். கோணல் படத்தை மின்னணு முறையில் நேராக்குவதைவிட வில்லையை நகர்த்திச் சரிசெய்வது நல்லது. முன்னையது புள்ளிகளைத் தின்றுவிடும். ஒரு புள்ளி அளவு விண்மீன் மினுக்கி மினுக்கி மறையும். குறைந்தது மூன்று புள்ளி அகலம் கொடுங்கள்.

மின்சாரம் பெரிய பாடு இல்லை. லேசர் புரொஜெக்டர், கணினி, ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்தும் பொதுவாக 1 கிலோவாட்டுக்குள் அடங்கும். 2 முதல் 3 கேவிஏ இன்வேர்ட்டர் ஜெனரேட்டரும் இடையில் ஒரு யூபிஎஸ்ஸும் போதும். செம்மண் புழுதிதான் பகை. காற்று வடிகட்டி அடைத்தால் கருவி சூடேறித் தானாகவே நின்றுவிடும். ஒவ்வொரு காட்சிக்கும் முன் வடிகட்டியைத் தட்டித் துடைக்க வேண்டும். முதல் மழைக்குப் பின் ஈசல் ஒளிக்கற்றைக்குள் புகுந்தால் சனிக்கோளின் மேல் இறக்கை நிழல்கள் பறக்கும். 30 மீற்றருக்கு அப்பால், சுவருக்குப் பின்பக்கமாக, ஒரு வெள்ளை மின்குமிழை எரியவிட்டால் கணிசமானவை அங்கே போகும். மழை தொடங்குமுன் நடத்துவதே மேல்.

கோப்பிலும் கவனம் வேண்டும். அதிகமாகச் சுருக்கிய வீடியோவில் மெல்லக் கருகும் வானம் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரியும். நொடிக்கு 40 மெகாபிட் அளவில் சேமித்து, மிக மெல்லிய மணல்போன்ற இரைச்சலைச் சேர்த்தால் படிகள் மறையும். படத்தின் நான்கு ஓரமும் கறுப்பில் கரையட்டும். இல்லாவிட்டால் சாம்பல் நீள்சதுரம் ஒன்று சுவரில் தெரியும்.

நிறம் பற்றிக் கலைஞரும் அறிவியல் ஆசிரியரும் உட்கார்ந்து பேச வேண்டும். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1995இல் எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ என்ற நெபுலாப் படத்தில் கந்தகத்தின் 672 நானோமீற்றர் ஒளி சிவப்பு, ஐதரசனின் 656 பச்சை, ஒட்சிசனின் 501 நீலம். முதல் இரண்டும் கண்ணுக்குச் சிவப்பாகவே தெரிபவை. பிரித்துக் காட்டத்தான் அலைநீள வரிசைப்படி நிறம் கொடுத்தார்கள். அழகுக்காக இந்த வரிசையைக் குழப்பினால் எந்த வாயு எங்கே இருக்கிறது என்ற செய்தியே அழிந்துவிடும். மூன்று வாயுக்களின் படங்களையும் தனித்தனியே பத்து நொடி கறுப்பு வெள்ளையில் காட்டி, பின் ஒவ்வொன்றாக நிறமேற்றி ஒன்றுசேருங்கள். சிறுபிள்ளைக்கும் விளங்கும். வேகம், இசை, எந்த மூலையிலிருந்து ஒளி பரவுவது என்பதெல்லாம் கலைஞரின் உரிமை.

எங்கள் விருப்பமான காட்சி சுவருக்கு வெளியே நீள்வது. 2010இல் ஏவப்பட்ட சூரிய அவதானக் கலமான எஸ்டிஓவின் படத்தில் சூரியனை 4 மீற்றர் வட்டமாக்குங்கள். அந்த அளவில் பூமி 3.7 சென்ரிமீற்றர், ஒரு தேசிக்காய். அதை ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு குளக்கட்டில் 430 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். நிலா ஒரு அவித்த கடலை, தேசிக்காயிலிருந்து 1.1 மீற்றர் தூரம். ஒரு பிள்ளை கைவிளக்குடன் சுவரிலிருந்து நொடிக்கு 86 சென்ரிமீற்றராக மெல்ல நடந்தால் 8 நிமிடம் 20 நொடியில் தேசிக்காயை அடையும். இந்த அளவில் ஒளியின் வேகம் அவ்வளவுதான். முழு நேரமும் சுவரில் சூரியன் கொதித்துக்கொண்டே இருக்கட்டும், பேச்சு வேண்டாம்.

பிள்ளை போய்ச் சேர்ந்ததும் புரொஜெக்டர், ஜெனரேட்டர், போன் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது வேண்டும். ஆடி, ஆவணி மாதமென்றால் தெற்கே செந்நிறமாகத் தெரிவது கேட்டை விண்மீன். சுவரில் சூரியன் 4 மீற்றரானால், கேட்டை இரண்டரைக் கிலோமீற்றருக்கும் மேல் அகலமானது.